கண்காணிப்புக் காமிராவும் நாமும்

தோட்டத்தில் கண்காணிப்பு என்பது புதியதன்று. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் கிராணி, நிரை நிரையாக நடந்து மரப்பட்டையில் வெட்டின் ஆழத்தைப் பார்க்கும் மண்டோர், பால் நிறுக்குமிடத்தில் ஏட்டுடன் நிற்கும் எழுத்தர், இரவில் கைவிளக்கேந்தி ஆலையைச் சுற்றிவரும் ஜாகா ஆகிய அனைவரும் நம்மைக் கண்காணித்தவர்களே. ஆயினும் அவர்களை நாம் அறிவோம். அவர்கள் நம்மைப் பார்ப்பதை நாமும் பார்த்தோம். ஏட்டில் எடை குறைவாக எழுதப்பட்டிருந்தால், "ஐயா, நேற்று என் பால் இவ்வளவன்றோ?" என்று முகத்துக்கு நேரே கேட்கவும் முடிந்தது.

இன்று கம்பத்தின் உச்சியிலும் சுவரின் மூலையிலும் இருந்துகொண்டு வேறொரு கண் நம்மைப் பார்க்கிறது. தோட்ட வாயிலிலும், ஆலையிலும், பட்டணத்து மளிகைக் கடையிலும், வங்கியிலும், பேருந்து நிலையத்திலும், கோயில் உண்டியலுக்கு மேலேயும் அது இருக்கிறது. அதற்கு உறக்கமில்லை, கேள்வி கேட்டால் பதிலும் இல்லை. சி.சி.டி.வி. என்று வழங்கப்படும் இக்கண்காணிப்புக் காமிராவைப் பற்றி நாம் அறிய வேண்டியவை மூன்று. அது யாருடைய கண்? அது கண்ட காட்சி யாரிடம், எத்தனை நாள் இருக்கும்? அக்காட்சியை வைத்து ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டால் அவர் என்ன செய்யலாம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்தவர் காமிராவைக் கண்டு அஞ்ச வேண்டியதுமில்லை. அதனிடம் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்து ஏமாற வேண்டியதுமில்லை.

தோன்றிய வரலாறு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டில், செர்மனியின் பீனமுண்டே என்னுமிடத்தில் இராக்கெட்டுகள் சோதிக்கப்பட்டன. வெடித்துச் சிதறக்கூடிய அவற்றின் அருகே மனிதர் நிற்க இயலாது. ஆகவே தொலைக்காட்சிக் காமிரா ஒன்றை அங்கே நிறுத்திவிட்டுப் பாதுகாப்பான இடத்திலிருந்து பார்த்தனர். மனிதனுக்கு ஆபத்தான இடத்தில் மனிதனுக்குப் பதிலாக நின்றதே இக்கருவியின் தொடக்க காலப் பணியாகும்.

பின்னர் அது மனிதர்களையே பார்க்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் போர்ன்மத் கடற்கரை நகரில் 1985ஆம் ஆண்டில் பொதுவிடக் காமிராக்கள் நிறுவப்பட்டன. நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் போலீஸ் காமிராக்கள் பொருத்தும் திட்டம் 2012ஆம் ஆண்டில் தொடங்கியது. 2021ஆம் ஆண்டிற்குள் அங்குப் போலீஸ் காமிராக்கள் 90,000க்கும் மேற்பட்டுவிட்டன. 2030ஆம் ஆண்டிற்குள் அவற்றை 200,000க்கும் மேலாகப் பெருக்குவது அந்நாட்டின் நோக்கமென அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் வேக வரம்பை மீறுவோரையும் சிவப்பு விளக்கைக் கடப்போரையும் தானே படம் பிடிக்கும் சாலைக் காமிராத் திட்டம் 2012ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பினாங்கு மாநிலத்தில் 2019ஆம் ஆண்டு சனவரியில் முகத்தை அடையாளங்காணும் காமிரா முறை தொடங்கப்பட்டது. விலை மலிந்ததும் அது அரசாங்கத்தின் கையிலிருந்து கடைக்காரர் கைக்கும், கடைக்காரர் கையிலிருந்து நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

அது எவ்வாறு இயங்குகிறது?

காமிராவின் கண்ணாடி வில்லை வழியாக வரும் ஒளி, உள்ளேயுள்ள சிறு தகட்டில் பட்டு மின்குறியாக மாறுகிறது. அக்குறிகள் கம்பி வழியாகவோ, கம்பியில்லா முறையிலோ ஒரு பதிவுப் பெட்டிக்குச் சென்று வட்டுத் தகட்டில் எழுதப்படுகின்றன. இப்பெட்டி பெரும்பாலும் அலுவலகத்திலேயே இருக்கும். ஆகவே காமிராவைக் காட்டிலும் பெட்டியின் சாவி யாரிடம் உள்ளது என்பதே முதன்மையானது.

அப்பெட்டியில் எத்தனை நாள் காட்சிகள் தங்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிவான படம் தரும் காமிரா ஒன்று, நொடிக்கு 4 மெகாபிட் வீதம் எழுதுமாயின், ஒரு நாளில் ஏறத்தாழ 43 ஜிகாபைட்டு இடத்தை நிரப்பும். நான்கு காமிராக்கள் என்றால் நாளொன்றுக்கு 172 ஜிகாபைட்டு. பெட்டியிலுள்ள தகட்டின் கொள்ளளவு 2,000 ஜிகாபைட்டு என்றால், 12 நாளுக்குள் அது நிரம்பிவிடும். நிரம்பியபின் பெட்டி நிற்பதில்லை. மிகப் பழைய காட்சியை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதும். நடமாட்டம் உள்ளபோது மட்டும் பதியுமாறு அமைத்திருந்தால் சில நாள் கூடுதலாகக் கிடைக்கும். எனவே, "காமிராவில் எல்லாம் இருக்கிறது, எப்பொழுது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று எண்ணுவது பிழை. நமக்கு நன்மையான காட்சியும் இரண்டு வாரத்தில் மறைந்து போகலாம்.

அடுத்து, தெளிவைப் பற்றி ஒரு சொல். படம் என்பது புள்ளிகளால் ஆனது. முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று ஐயமின்றி அடையாளங்காண, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது அனைத்துலகத் தரக் கணக்கு. 25 புள்ளிகள் மட்டுமே இருந்தால் அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்று மட்டுமே கூறலாம். படத்தின் அகலம் 1,920 புள்ளிகள் எனக் கொண்டால், ஏறத்தாழ 8 மீட்டர் அகலமுள்ள இடத்தைப் பார்க்கும் காமிராவே முகத்தை உறுதிப்படுத்த உதவும். ஆலையின் முற்றம் முழுவதையும், 40 மீட்டர் அகலத்தை, ஒரே காமிரா பார்த்தால் மீட்டருக்கு 48 புள்ளிகளே கிடைக்கும். ஆள் தெரியும், ஆள் யார் என்பது தெரியாது.

இரவில் நிலைமை இன்னும் கடினம். அப்போது காமிரா, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் பார்க்கிறது. படம் கறுப்பு வெள்ளையாக மாறும். சட்டையின் நிறம் தெரியாது. அருகில் வரும் முகம் வெளுத்துப்போகும். வில்லையின் முன் சிலந்தி வலை கட்டினாலும், மழைத்துளி படிந்தாலும் காட்சி மங்கிவிடும். பெட்டியின் கடிகாரம் சரியாக வைக்கப்படாவிட்டால், படத்தின் மூலையில் எழுதப்படும் நேரமும் தவறாகும். பத்து நிமிட வேறுபாடு ஒருவரைக் குற்றவாளியாக்கவும் கூடும், குற்றவாளியைத் தப்ப வைக்கவும் கூடும்.

திருட்டைத் தடுக்குமா?

காமிரா இருந்தால் திருட்டு நின்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். பல நாடுகளில் நாற்பது ஆண்டுகளாகச் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் அறிஞர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். காமிரா உள்ள இடங்களில், இல்லாத இடங்களை நோக்கக் குற்றங்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 13 குறைந்தன. வாகன நிறுத்துமிடங்களில் மிகுந்த பயன் கிடைத்தது. ஆனால் அடிதடி போன்ற வன்செயல்களில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. யாரேனும் ஒருவர் அமர்ந்து காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த இடங்களிலும், நல்ல விளக்கு, காவலர் போன்ற பிற ஏற்பாடுகளும் சேர்ந்திருந்த இடங்களிலும் பயன் கூடுதலாக இருந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவு. கட்டிப்பால் காணாமற் போகும் கொட்டகைக்குக் காமிரா மட்டும் போதாது. உறுதியான பூட்டும், எரிகின்ற விளக்கும், எடையைச் சரிபார்க்கும் ஏடும், விழித்திருக்கும் ஜாகாவும் வேண்டும். காமிராவை நம்பி ஜாகாவை நிறுத்திவிடுவது, நாய்க்குப் பதிலாக நாயின் படத்தை வாசலில் மாட்டி வைப்பது போன்றதாகும்.

சாட்சி சொல்லும், தீர்ப்புச் சொல்லாது

காமிரா நற்சாட்சியாக நின்று உண்மையை நிலைநாட்டியதுண்டு. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இரவு, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தமிழகத்திலிருந்து வந்து உழைத்த தொழிலாளர் ஒருவர் பேருந்தின் சக்கரத்தில் அகப்பட்டு உயிரிழந்தார். கூடியிருந்தோரின் துயரம் சினமாகி, அது கலவரமாகவும் மூண்டது. அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு 2014ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. பேருந்திலிருந்த காமிராக்களின் காட்சிகளும் விசாரணையில் ஆராயப்பட்டன. அத்தொழிலாளர் பேருந்தின் அருகே தடுமாறி விழுந்தது விபத்தே என்பதும், ஓட்டுநர் மீது குற்றமில்லை என்பதும் தெளிவாயின. காமிரா இல்லாதிருந்தால் ஓட்டுநர் மீது விழுந்த பழி நீங்குவது அரிதாயிருக்கும். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அக்காட்சி உண்மையை உரைத்தது பின்னாளில். அன்றிரவு முந்திக்கொண்டது தவறான எண்ணமே.

இதற்கு மாறானதொரு நிகழ்ச்சி அமெரிக்காவின் டெட்ராயிட் பகுதியில் நடந்தது. கடையொன்றில் கைக்கடிகாரங்கள் திருட்டுப்போயின. கடைக் காமிராவின் மங்கலான படத்தைக் கணினியிடம் கொடுத்தபோது, அது ஓட்டுநர் உரிமப் படங்களைத் தேடிக் கறுப்பின ஆடவர் ஒருவரின் படத்தைக் காட்டியது. 2020ஆம் ஆண்டு சனவரியில், மனைவி மக்கள் பார்த்திருக்க, வீட்டு வாசலிலேயே அவர் கைதானார். ஏறத்தாழ 30 மணி நேரம் காவலில் இருந்தார். படத்திலிருந்தவர் அவரல்லர். 2024ஆம் ஆண்டில் அந்நகரம் அவருக்கு 300,000 அமெரிக்க வெள்ளி இழப்பீடு வழங்க இணங்கியது. முகம் காணும் கணினியின் சொல்லை மட்டும் வைத்து இனி எவரையும் கைது செய்யலாகாது என்ற விதியையும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க அரசாங்கத்தின் தரநிருணய நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய சில கணினி முறைகள், ஆசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆகியோரின் முகங்களை, வெள்ளையர் முகங்களைக் காட்டிலும் 10 முதல் 100 மடங்கு வரை தவறாகப் பொருத்திக் காட்டின.

இரு நிகழ்ச்சிகளிலும் கருவி ஒன்றுதான். முதலாவதில் மனிதர் காட்சியைப் பொறுமையாக ஆராய்ந்து, பிற சாட்சிகளோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறினர். இரண்டாவதில் தீர்ப்பையே கருவியிடம் விட்டுவிட்டனர்.

வேலையிடத்தில் நம் உரிமை

ஒரு தொழிலாளி, இரவில் ஆலையிலிருந்து மூட்டை தூக்கிச் சென்றதாகக் காமிராவில் தெரிகிறது என்று நிருவாகம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். அவர் அன்றே வேலையை இழக்க வேண்டுமா? இல்லை. தீபகற்ப மலேசியாவில் நடைமுறையிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. விசாரணைக்காக அவரை இரண்டு வாரத்துக்கு மேற்படாமல் இடைநிறுத்தலாம். அந்நாட்களுக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்படாவிட்டால் மீதிச் சம்பளமும் அவருக்கு உரியது.

அவ்விசாரணையில் தொழிலாளி அமைதியாகக் கேட்க வேண்டியவை உண்டு. காட்சி முழுவதையும் காட்டுங்கள். பத்து நொடித் துண்டு மட்டும் போதாது. கடிகாரம் சரியாக இருந்ததா? முகம் தெரிகிறதா, அல்லது உருவம் மட்டுமா? பெட்டியைத் திறந்து படியெடுத்தவர் யார்? அதே இரவில் மற்ற காமிராக்கள் என்ன கண்டன? இவை எதிர்ப்பு வினாக்கள் அல்ல; உண்மையை நாடும் வினாக்கள். நியாயமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதுபவர், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நீக்கப்பட்ட 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். 60 நாள் கடந்தால் அவ்வாயில் அடைபட்டுவிடும். ஆதலின் தொழிற்சங்கக் கிளைச் செயலாளரை அன்றைக்கே அணுகுதல் நன்று.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வணிக நடவடிக்கை தொடர்பாகத் தனிநபர் விவரங்களைக் கையாள்வோரை அது கட்டுப்படுத்துகிறது. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். எதற்காகத் தகவல் சேகரிக்கப்படுகிறது என்பதை அறிவிக்க வேண்டும். தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது. களவு போகாமல் காக்க வேண்டும் என்பன அச்சட்டத்தின் நெறிகள். நிறுவனங்கள் பல, தம் தொழிலாளர்க்கும் இச்சட்டப்படி அறிவிப்பு வழங்கி வருகின்றன. அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உள்ள தோட்டத்தில் தமிழிலும் ஒரு பலகை வைப்பது நல்ல நிருவாகத்துக்கு அழகு.

இச்சட்டத்தின்படி தம்மைப் பற்றிய விவரத்தைக் கேட்பவர்க்கு 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் மேலே கண்ட கணக்குப்படி, காட்சி 12 நாளிலேயே அழிந்துவிடலாம்! எனவே முதலில், "இன்ன நாள், இன்ன நேரத்துக் காட்சியை அழிக்காமல் எடுத்து வையுங்கள்" என்று எழுத்து மூலம் கொடுத்து, ஒரு படியில் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். வேலையில் விபத்து நேர்ந்தாலும், எடையில் தகராறு ஏற்பட்டாலும், வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் திருட்டுப்போனாலும் இதுவே முதற்கடமை.

எங்கே காமிரா வைக்கலாம்?

ஸ்பெயின் நாட்டுப் பேரங்காடி ஒன்றின் பணியாளர்கள் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் கூறிய தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதிலுள்ள அளவுகோல் எவர்க்கும் பயன்படும். கழிவறை, உடைமாற்றும் அறை ஆகிய இடங்களில் மனிதனின் அந்தரங்கம் மிக உயர்ந்த பாதுகாப்புக்கு உரியது. மூடிய அலுவலக அறையில் அதனினும் சற்றுக் குறைவு. எல்லாரும் பார்க்கும் கடை வெளியில் மேலும் குறைவு என்று அந்நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. அவ்வழக்கில், திருட்டு நடப்பதற்கு வலுவான ஐயம் இருந்ததாலும், மறைவான காமிரா பத்து நாளே இயங்கியதாலும், முதலாளி செய்தது மீறலாகாது எனப் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர்.

இவ்வளவுகோலை நம் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். வாயில், ஆலை, எரிபொருள் கிடங்கு, பால் நிறுக்குமிடம் ஆகியவற்றில் காமிரா இருப்பது முறையே. சொல்லப்போனால், நிறுவை முள்ளும் ஏடும் தெரியுமாறு வைக்கப்பட்ட காமிரா, நிருவாகத்துக்கு எவ்வளவு காவலோ, பால் வெட்டுபவர்க்கும் அவ்வளவு காவலாகும். பெண்கள் உடை மாற்றும் இடத்திலும், குளிக்கும் இடத்திலும், குழந்தைக்குப் பாலூட்டும் அறையிலும் காமிராவுக்கு வேலையில்லை. அத்தகைய இடத்தில் எவரேனும் கருவி மறைத்து வைத்திருப்பதைக் கண்டால், கைபடாமல் விட்டுவிட்டு உடனே போலீசில் புகார் செய்ய வேண்டும். பெண்ணின் மானத்துக்கு ஊறு செய்யும் நோக்கில் அவளது அந்தரங்கத்தில் தலையிடுவது, தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நம் வீட்டுக் காமிரா

நாமே காமிரா வாங்கி மாட்டும்போது நாமே கண்காணிப்பவராகிறோம். பிறரிடம் எதிர்பார்க்கும் பண்பு நம்மிடமும் இருத்தல் வேண்டும். வரிசை வீடுகளில் ஒரு வாசலும் மறுவாசலும் கைக்கெட்டும் தூரம். நம் காமிரா நம் வாசலையும் வண்டியையும் பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் அக்காளைப் பார்க்க வேண்டியதில்லை. ஜொகூரில், அண்டை வீட்டாரின் காமிரா தங்கள் வீட்டையே நோக்கி நிற்கிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், ஒருவர்க்குத் தம் வீட்டில் அந்தரங்க உரிமை உண்டு என்பதை உயர்நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. வழக்காகுமுன் ஒரு வார்த்தை பேசிக் காமிராவைத் திருப்பி வைப்பது நல்லுறவுக்கு ஏற்றது.

கடையிலிருந்து வரும் காமிராவில் தொழிற்சாலையே வைத்த கடவுச்சொல் இருக்கும். அதை மாற்றாமல் இணையத்தில் இணைத்தால், பூட்டை மாட்டிச் சாவியையும் அதிலேயே தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய கணினி நிரல், இவ்வாறு கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் பிற கருவிகளையும் பெருந்தொகையில் கைப்பற்றி, அவற்றின் வழியே இணையத்தின் ஒரு பகுதியையே முடக்கியது. அவ்வீடுகளின் உரிமையாளர்க்குத் தம் காமிரா பிறர்க்கு ஏவலாள் ஆனது தெரியவே தெரியாது. ஆகவே முதல் நாளே நீண்டதொரு கடவுச்சொல்லை வைக்க வேண்டும். படுக்கையறையில் காமிரா வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இன்னொன்று. கடையில் ரொட்டி எடுத்த சிறுவனின் காட்சியைக் கைப்பேசியில் ஊரெல்லாம் அனுப்புவது பெருந்தவறு. போலீசிடம் கொடுக்க வேண்டிய சாட்சியை வேடிக்கையாக்குகிறோம். அவன் திருந்தி நல்லவனாகும் நாளிலும் அப்படம் அவனை விடாமல் தொடரும்.

நாம் செய்யத் தக்கவை

தோட்டத்தில் காமிரா வரும்போது, சங்கக் கிளையும் நிருவாகமும் ஒன்றாக அமர்ந்து ஐந்து செய்திகளை எழுத்தில் முடிவு செய்துகொள்ளலாம்.

1. எவ்வெவ்விடத்தில், எக்காரணத்துக்காகக் காமிரா வைக்கப்படுகிறது?

2. பதிவுப் பெட்டியைத் திறக்க உரிமையுள்ளவர் யார், யார்?

3. காட்சிகள் எத்தனை நாள் வைக்கப்படும்?

4. தொழிலாளி தம்மைப் பற்றிய காட்சியைப் பார்க்க யாரிடம் கேட்க வேண்டும்?

5. விசாரணை என்று வந்தால், காட்சி முழுவதும் இரு தரப்பாருக்கும் காட்டப்படுமா?

இவ்வைந்துக்கும் விடை எழுதப்பட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தோட்டத்தில், காமிரா எவர்க்கும் எதிரியன்று. முன்னாளில் மண்டோரிடம் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வியை, இந்நாளில் அக்கருவியை ஆள்பவரிடம் கேட்கும் துணிவும் பழக்கமும் நமக்கு வேண்டும். நேர்மையாக உழைப்பவர் பார்க்கப்படுவதற்கு அஞ்சுவதில்லை. ஆனால் தம்மைப் பார்ப்பவர் யார் என்பதை அறியும் உரிமையையும் அவர் விட்டுக்கொடுக்கலாகாது.